எச்சம் எப்போது மாறும், எப்போது மாறாது? இத்தாலியனும் ரொமேனியனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் சனிக்கிழமை மாலைகளில் தமிழர் சிலருக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறேன். குடியுரிமைக்கு 2018 இறுதியிலிருந்து பி1 (இடைநிலை) மொழிச் சான்றிதழ் கட்டாயம் என்பதால் வருகிறவர்கள் பாதி, படிக்க வந்த பிள்ளைகள் மீதி. பலருடைய வேலையிடத்தில் ரொமேனியர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் வாழும் வெளிநாட்டவரில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்குத்தான், பத்து லட்சத்துக்கும் மேல். இரண்டு மொழியும் காதில் விழுவதால் ஒன்றின் விதியை இன்னொன்றில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எனக்கு மேல்வீட்டு ரொமேனியக் குடும்பத்தின் பழக்கத்தில் அந்த மொழியும் வந்தது. பெயரடையும் எச்சமும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எப்போது மாறும் என்று திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ரொமேனியன் சொல் குறில் அகரத்தில் முடிந்தால் (பூன) அது மங்கலான அகரம். நெடில் ஆகாரத்தில் முடிந்தால் (பூனா) தெளிவான ஆகாரம். இரண்டும் வெவ்வேறு வடிவங்கள், கலக்கக் கூடாது. பன்மையின் கடைசி இகரம் பெரும்பாலும் பாதிதான் ஒலிக்கும், நம் குற்றியலிகரம் மாதிரி.

முதல்ல இந்த பாஸ்ட் பார்ட்டிசிபிள்னா என்ன? தமிழ்ல அது இருக்கா?

இருக்கிறது. ‘எழுதிய கடிதம்’, ‘உடைந்த கண்ணாடி’ என்கிறோமே, அந்த ‘எழுதிய’, ‘உடைந்த’ என்பவை பெயரெச்சங்கள். வினையிலிருந்து பிறந்து பெயருக்கு அடையாக நிற்பவை. இத்தாலியன் ‘ஸ்கிரீத்தோ’, ரொமேனியன் ‘ஸ்க்ரிஸ்’ இரண்டும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன. இங்கே சுருக்கமாக ‘எச்சம்’ என்றே சொல்கிறேன்.

இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, நம் பெயரெச்சம் எதற்கும் மாறாது. எழுதிய கடிதம், எழுதிய கடிதங்கள், எழுதிய பெண் எல்லாம் ‘எழுதிய’தான். அவர்களுடையது, தான் ஒட்டி நிற்கும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். இன்னொன்று, ‘எழுதிய’ என்பது எழுதப்பட்ட கடிதத்துக்கும் பொருந்தும், எழுதியவளுக்கும் பொருந்தும். ‘ஸ்கிரீத்தா’ கடிதத்துக்கு மட்டுமே. ‘எழுதிய பெண்’ என்று நினைத்து ‘ராகாத்ஸா ஸ்கிரீத்தா’ என்று எழுதினால் யாரோ அந்தப் பெண்ணையே தாளில் எழுதிவிட்டதாக ஆகும். வருதல், போதல் போன்ற, செயப்படுபொருள் ஏற்காத சில வினைகளில் இந்தச் சிக்கல் இல்லை. வந்த பெண், போன பெண் என்றெல்லாம் தாராளமாக வரும்.

ரொமேனியனில் இதற்குச் சில அழகான விலக்குகள் உண்டு. ‘ஓம் சிதீத்’ என்றால் படிக்கப்பட்ட மனிதர் இல்லை, நிறையப் படித்தவர். நாம் ‘படித்த மனுஷன்’ என்று சொல்வது போலவே. மேல்வீட்டு அம்மா தன் அப்பாவைப் பற்றி இப்படிச் சொன்னபோது எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

பெயரடைக்கு எத்தனை வடிவம் மனப்பாடம் பண்ணணும்?

இத்தாலியனில் முக்கியமாக இரண்டு கூட்டம். ஓகாரத்தில் முடிவதற்கு நான்கு வடிவம்: ‘ரோஸ்ஸோ, ரோஸ்ஸா, ரோஸ்ஸி, ரோஸ்ஸே’. ஆண்பால் ஒருமை, பெண்பால் ஒருமை, ஆண்பால் பன்மை, பெண்பால் பன்மை. ஏகாரத்தில் முடிவதற்கு இரண்டு வடிவம்: ‘கிராந்தே, கிராந்தி’. இதில் பால் தெரியாது, எண் மட்டும் தெரியும். ‘ப்ளூ’, ‘ரோஸா’, ‘வியோலா’ போன்ற சில நிறங்கள் அசையவே அசையாது.

ரொமேனியனிலும் நான்கு வடிவம் உள்ளவை அதிகம்: ‘பூன், பூன, பூனி, பூனெ’ (நல்ல). மூன்று வடிவம் உள்ளவை உண்டு: ‘நோவு, நோவ, நோய்’ (புதிய), பன்மையில் இரு பாலுக்கும் ‘நோய்’தான். இரண்டு வடிவம்: ‘மாரெ, மாரி’ (பெரிய). மாறாதவை: ‘க்ரி’, ‘ரோஸ்’, ‘மரோ’. எச்சங்களோ இரு மொழியிலும் நான்கு வடிவக் கூட்டம்தான். இத்தாலியன் ‘ஸ்கிரீத்தோ, ஸ்கிரீத்தா, ஸ்கிரீத்தி, ஸ்கிரீத்தே’. ரொமேனியன் ‘ஸ்க்ரிஸ், ஸ்க்ரீஸ, ஸ்க்ரிஷி, ஸ்க்ரீஸெ’.

ரொமேனியன்ல வால் மட்டும் மாறினா பரவாயில்ல, நடுவிலயும் மாறுதே?

ஆமாம், அதுதான் அந்த மொழியின் ருசி. ‘ஃப்ருமோஸ்’ (அழகான) பெண்பாலில் ‘ஃப்ருமுவாஸ’, ஆண்பால் பன்மையில் ‘ஃப்ருமோஷி’, பெண்பால் பன்மையில் ‘ஃப்ருமுவாஸெ’. கடைசியில் அகரமோ எகரமோ வந்தால், அழுத்தம் விழும் ஓகாரம் ‘உவா’ என்று விரிகிறது. கடைசியில் இகரம் வந்தால் அதற்கு முன் நிற்கும் மெய் குழைகிறது: ஸ் ஷ் ஆகும், த் த்ஸ் ஆகும். எச்சங்களிலும் இதே கதை: ‘கோப்த்’ (சுட்ட, வெந்த), ‘குவாப்த’, ‘கோப்த்ஸி’, ‘குவாப்தெ’.

தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வாய்விட்டு நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் காதே திருத்திவிடும்.

ரொமேனியன்ல மூணு பால்னு சொல்றாங்க, ஆனா வடிவம் நாலுதான் இருக்கு. மூணாவது பாலுக்கு வடிவம் எங்கே?

மூன்றாவது பாலுக்கு சொந்த வடிவம் கிடையாது. ஒருமையில் ஆண்பாலின் சட்டை, பன்மையில் பெண்பாலின் சட்டை. ரயிலுக்கு ‘த்ரென்’. ஒரு அழகான ரயில் ‘உன் த்ரென் ஃப்ருமோஸ்’, இரண்டு அழகான ரயில்கள் ‘தோவ த்ரேனுரி ஃப்ருமுவாஸெ’. அங்கே பள்ளிப் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள். ‘உன், தோய்’ என்று வந்தால் ஆண்பால். ‘ஓ, தோவ’ என்று வந்தால் பெண்பால். ‘உன், தோவ’ என்று வந்தால் மூன்றாவது. ரொமேனிய இலக்கணத்தில் இதற்கு ‘ஆம்பிஜென்’ என்றும் ஒரு பெயர் உண்டு, இரு பாலும் கலந்தது என்ற பொருளில். நான் இரட்டைப் பால் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆகவே எச்சமும் அப்படியே. ஆப்பிள் இரட்டைப் பால். சுட்ட ஆப்பிள் ஒன்று என்றால் ‘மர் கோப்த்’, இரண்டு என்றால் ‘மேரெ குவாப்தெ’.

இத்தாலியனில் இந்தக் கூத்து இல்லை என்று நினைக்காதீர்கள். முட்டை ஒன்று ‘உவோவோ ஃப்ரெஸ்கோ’, பல என்றால் ‘உவோவா ஃப்ரெஸ்கே’. ஒருமையில் ஆண், பன்மையில் பெண். புயம் ‘பிராச்சோ, பிராச்சா’, விரல் ‘தீத்தோ, தீத்தா’ எல்லாமே இப்படித்தான். ரொமேனியனில் இதே மூன்று சொற்களைப் பாருங்கள்: ‘ஓவு, ஓவ’, ‘பிராத்ஸ், பிராத்ஸெ’, ‘தேஜெத், தேஜெத்தெ’. மூன்றும் இரட்டைப் பால். லத்தீனில் மூன்றாவதாக ஒரு பால் இருந்தது, அதன் பன்மை ஆகாரத்தில் முடியும். அந்த ஆகாரத்தைப் பெண்பால் என்று கேட்டுப் பழகிய காதுகளின் வேலை இது. இத்தாலியனில் அது சில சொற்களோடு நின்றுபோனது. ரொமேனியனில் இன்றும் உயிரோடு வளர்கிறது. ‘கொம்ப்யூதெர்’ வந்தபோது அதையும் இரட்டைப் பாலில்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

மரியா போனாள்னு சொல்ல ‘அந்தாத்தா’ன்னு பெண்பால்ல சொல்லணும்னு சொன்னீங்க. என் ரொமேனியத் தோழி எல்லாருக்கும் ‘ப்ளெக்காத்’னே சொல்றாளே. அவ தப்பா பேசுறாளா?

இல்லை, அவள் சரியாகத்தான் பேசுகிறாள். இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இத்தாலியன் இறந்தகாலத்தில் இரண்டு துணைவினை உண்டு. போனான், வந்தான், பிறந்தான், இறந்தான் போன்றவற்றுக்கு ‘எஸ்ஸெரே’ (இருத்தல்). அப்போது எச்சம் எழுவாயோடு ஒத்துப்போகும்: ‘மரியா எ அந்தாத்தா’, ‘பவுலோ எ அந்தாத்தோ’, பெண்கள் என்றால் ‘ஸோனோ அந்தாத்தே’. செய்தான், பார்த்தான், எழுதினான் போன்றவற்றுக்கு ‘அவேரே’ (வைத்திருத்தல்). அப்போது எழுவாய் யாராக இருந்தாலும் எச்சம் ஓகாரத்திலேயே நிற்கும்: ‘மரியா ஆ ஸ்கிரீத்தோ’. ஒரு எச்சரிக்கை: நகர்வு என்றாலே ‘எஸ்ஸெரே’ என்று நினைக்காதீர்கள். நடத்தல் (‘கம்மினாரே’), பயணித்தல் (‘வியஜ்ஜாரே’) இரண்டும் ‘அவேரே’தான்.

ரொமேனியனில் எல்லா வினைக்கும் ஒரே துணைவினை. அது வைத்திருத்தலின் வழி வந்தது: ‘ஆம், ஆய், ஆ, ஆம், ஆத்ஸி, அவு’. எச்சம் அங்கே உறைந்துவிட்டது. ‘மரியா ஆ ப்ளெக்காத்’, ‘ஃபேத்தெலெ அவு ப்ளெக்காத்’ (பெண்கள் கிளம்பினார்கள்). யார் கிளம்பினாலும் ‘ப்ளெக்காத்’. நம்மைப் போல ‘போனான், போனாள்’ என்று பால் பார்ப்பதே இல்லை.

அப்படின்னா மேல்வீட்டு ஆன்ட்டி ‘மரியா யெ ப்ளெக்காத்த’ன்னு சொன்னாங்களே? நான் என் காதால கேட்டேன்.

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ‘மரியா ஆ ப்ளெக்காத்’ என்றால் மரியா கிளம்பினாள்; ஒரு செயல் நடந்தது. ‘மரியா யெ ப்ளெக்காத்த’ என்றால் மரியா ஊரில் இல்லை, வெளியூர் போயிருக்கிறாள். அவள் இப்போது இருக்கும் நிலை. ‘யெ’ என்பது வெறும் ‘இருக்கிறாள்’. அதற்குப் பின் வருவது களைப்பாக, சந்தோஷமாக என்பது போன்ற பெயரடை. பெயரடை என்றால் ஒத்துப்போக வேண்டும்.

எல்லாச் சந்தேகத்துக்கும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: இந்த இடத்தில் எச்சம் பெயரடையா, காலம் காட்டும் வினையின் பகுதியா? பெயரடை என்றால் இரு மொழியிலும் மாறும். காலத்தின் பகுதி என்றால் ரொமேனியனில் மாறவே மாறாது. இத்தாலியனில் மட்டும் பழைய பழக்கம் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதிதான் அடுத்த சில கேள்விகள்.

‘அவேரே’ வந்தா மாறாதுன்னீங்க. ஆனா புத்தகத்துல ‘லோ வீஸ்தா’ன்னு இருக்கே!

‘அவளைப் பார்த்தேன்’ என்பது அது. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் குட்டிச் சொல்லாக (‘லோ, லா, லி, லே’: அவனை, அவளை, ஆண்பாலில் அவர்களை, பெண்பாலில் அவர்களை) வந்து நின்றால் எச்சம் அதோடு ஒத்துப்போயே ஆக வேண்டும். ‘லி ஓ வீஸ்தி’, ‘லே ஓ வீஸ்தே’. பொருள் பின்னால் முழுப் பெயராக வந்தால் மாறாது: ‘ஓ வீஸ்தோ மரியா’.

ஒருமையில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ‘லோ ஓ’வும் ‘லா ஓ’வும் பேச்சில் சுருங்கி இரண்டுமே ‘லோ’ என்றே ஒலிக்கின்றன. பார்த்தது அவனையா அவளையா என்று சொல்ல மிச்சமிருப்பது எச்சத்தின் வால் மட்டுமே. ‘லோ வீஸ்தோ’ என்றால் அவனை, ‘லோ வீஸ்தா’ என்றால் அவளை.

இதே கணக்கில் ‘நே’ என்ற குட்டிச் சொல்லும் வரும். ஆப்பிள் இத்தாலியனில் பெண்பால். ‘அதில் மூன்று வாங்கினேன்’ என்பதற்கு ‘நே ஓ கொம்ப்ராத்தே த்ரே’. ரொமேனியனிலோ ‘ஆம் வஸூத்-ஓ’ (அவளைப் பார்த்தேன்). ‘ஓ’ என்பதுதான் அவளை. அதைத் தனியாகத் தெளிவாகச் சொல்லிவிடுவதால் எச்சம் ‘வஸூத்’ என்றே நிற்கிறது.

ஏன் இப்படி? முன்னால வந்தா மாறும், பின்னால வந்தா மாறாதுன்னு யார் முடிவு பண்ணாங்க?

யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை. லத்தீனில் ‘ஹாபெயோ எபிஸ்துலம் ஸ்க்ரீப்தம்’ என்று ஒரு அமைப்பு இருந்தது. எழுதி முடித்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று பொருள். ‘ஸ்க்ரீப்தம்’ அங்கே கடிதத்துக்கு அடை, பெண்பாலான கடிதத்தோடு ஒத்துப்போகிறது. நாளடைவில் ‘எழுதிய கடிதம் வைத்திருக்கிறேன்’ என்பது ‘கடிதம் எழுதினேன்’ என்று பொருள் மாறியது. ‘வைத்திருக்கிறேன்’ வெறும் துணைவினையாகத் தேய்ந்தது. எச்சம் கடிதத்தை விட்டுவிட்டு வினையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒத்துப்போக அதற்கு என்ன காரணம் இருக்கிறது?

நமக்கும் இது புதிதில்லை. ‘எழுதி வைத்திருக்கிறேன்’ என்கிறோம். அந்த ‘வைத்திரு’வில் இப்போது பெட்டியும் இல்லை, அலமாரியும் இல்லை, முடிந்த செயல் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது.

ரொமேனியன் அந்தப் பயணத்தை முழுதாக முடித்துவிட்டது. ஸ்பானிஷும் அப்படியே. பழைய இத்தாலியனில் பொருள் பின்னால் வந்தாலும்கூட எச்சம் ஒத்துப்போனதுண்டு. இன்று முன்னால் வரும் குட்டிச் சொல்லிடம் மட்டும் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. ‘நான் எழுதிய கடிதம்’ என்பதற்கு இன்று ‘லா லெத்தெரா கே ஓ ஸ்கிரீத்தோ’ என்பதே வழக்கம். ‘ஸ்கிரீத்தா’ என்று பழைய நடையில் பார்த்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

கடிதத்தையே உதாரணமாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. காலம் உறுதியாகத் தெரிந்தவற்றில் இன்றும் கிடைக்கும் மிகப் பழைய ரொமேனியன் எழுத்து ஒரு கடிதம்தான். 1521இல் நேயாக்ஷு என்ற வணிகர் பிரஷோவ் நகரத் தலைவருக்கு எழுதியது, சிரிலிக் எழுத்தில்.

‘லே ஓ பர்லாத்தோ’, அவளிடம் பேசினேன். ‘லே’ முன்னால வந்திருக்கு, பெண்ணும்தான். ஏன் ‘பர்லாத்தே’ இல்ல?

இந்த ‘லே’ வேறு. ‘லே ஓ வீஸ்தே’யில் வரும் ‘லே’ அவர்களை (இரண்டாம் வேற்றுமை). ‘லே ஓ பர்லாத்தோ’வில் வரும் ‘லே’ அவளிடம், அவளுக்கு. எச்சம் ‘ஐ’ உருபு ஏற்கும் பொருளோடு மட்டுமே ஒத்துப்போகும். ‘கு’, ‘இடம்’ என்று தமிழில் வருமானால் தொடாதீர்கள். வேற்றுமை உருபு நமக்குக் கைவந்த கலை, ஆகவே இந்த ஒரு இடத்தில் தமிழர்கள் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் பெண். ‘என்னைப் பார்த்தான்’னு சொல்ல ‘மி ஆ வீஸ்தோ’ தப்பா?

தப்பில்லை. என்னை, உன்னை, எங்களை, உங்களை (‘மி, தி, சி, வி’) என்பவற்றுக்கு விருப்பம் போலச் சொல்லலாம். ‘மி ஆ வீஸ்தோ’, ‘மி ஆ வீஸ்தா’ இரண்டும் சரி. கட்டாயம் என்பது ‘லோ, லா, லி, லே’க்கு மட்டும்.

‘மி எ பியச்சூத்தா லா பீட்ஸா’. எனக்குத்தானே பிடிச்சது, நான் ஆண். ஏன் பெண்பால்?

அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்குப் பீட்ஸா பிடித்தது. ‘பிடித்தது’ யாரோடு ஒத்துப்போகிறது? பீட்ஸாவோடு. ‘எனக்கு’ எழுவாய் இல்லை. இத்தாலியனும் அதே அமைப்பு. பீட்ஸா எழுவாய், பெண்பால், துணைவினை ‘எஸ்ஸெரே’, ஆகவே ‘பியச்சூத்தா’. லஸான்யா பன்மையில் வந்தால் ‘மி ஸோனோ பியச்சூத்தே’.

ரொமேனியனில் ‘மி-ஆ ப்ளக்கூத்’. பல பொருள்கள் என்றால் ‘மி-அவு ப்ளக்கூத்’. துணைவினை மட்டும் பன்மையாகும், எச்சம் அசையாது.

‘கடிதம் எழுதப்பட்டது’ன்னு ரெண்டு மொழியிலயும் எழுதினேன். ரெண்டுலயும் ஒரே தப்புன்னு சுழிச்சுட்டீங்க. விளங்கல.

நீங்கள் எழுதியது இத்தாலியனில் ‘எ ஸ்தாத்தோ ஸ்கிரீத்தா’, ரொமேனியனில் ‘ஆ ஃபோஸ்த ஸ்க்ரீஸ’. தப்பு இரண்டிலும் நடுச் சொல்லில், ஆனால் எதிரெதிர்த் திசையில்.

செயப்பாட்டுவினையில் கடைசி எச்சம் பெயரடை மாதிரி, இரு மொழியிலும் கடிதத்தோடு ஒத்துப்போகும். நடுவில் ‘இருந்தது’ என்று ஒரு எச்சம் இருக்கிறது. இத்தாலியனில் அதற்குத் துணை ‘எஸ்ஸெரே’, ஆகவே அதுவும் மாறும்: ‘எ ஸ்தாத்தா ஸ்கிரீத்தா’, கடிதங்கள் என்றால் ‘ஸோனோ ஸ்தாத்தே ஸ்கிரீத்தே’. ரொமேனியனில் அது காலத்தின் பகுதி, உறைந்தது: ‘ஆ ஃபோஸ்த் ஸ்க்ரீஸ’, ‘அவு ஃபோஸ்த் ஸ்க்ரீஸெ’. ‘ஃபோஸ்த்’ அசையாது, ‘ஸ்க்ரீஸ’ அசையும். மாறும் எச்சமும் மாறாத எச்சமும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்பதால், ‘பெயரடையா, காலமா’ என்ற அந்தக் கேள்வியைப் பழகிப்பார்க்க இதைவிட நல்ல வாக்கியம் இல்லை.

மரியா கை கழுவினாள். கையோட ஒத்துப்போகணுமா, மரியாவோடயா?

‘மரியா ஸி எ லவாத்தா லே மானி’ என்றே பெரும்பாலும் கேட்பீர்கள், மரியாவோடு ஒத்துப்போவது. ‘ஸி எ லவாத்தே லே மானி’ என்று கையோடு ஒத்துப்போவதும் இலக்கணப்படி சரி. ஆனால் ‘அவற்றைக் கழுவிக்கொண்டாள்’ என்று குட்டிச் சொல் முன்னால் வந்துவிட்டால் தேர்வே இல்லை: ‘ஸெ லே எ லவாத்தே’. ‘லோ வீஸ்தா’ கேள்வியின் விதி இங்கே எழுவாயையும் மீறிவிடுகிறது. ரொமேனியனில் ‘மரியா ஸா ஸ்பலாத் பெ முய்னி’, அவ்வளவுதான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தா? மேஜையும் நாற்காலியும் சேர்ந்து வந்தா?

தமிழில் ‘அண்ணனும் அக்காவும் வந்தார்கள்’ என்றால் பலர்பாலில் பால் பார்க்கும் தொல்லை தீர்ந்துவிடுகிறது. அங்கே தீராது. ஆட்கள் என்றால் இரு மொழியிலும் ஆண்பால் பன்மை: ரொமேனியனில் ‘யோன் ஷி மரியா ஸுந்த் ஒபொஸீத்ஸி’ (களைத்திருக்கிறார்கள்).

பொருள்களில்தான் பிரிகிறார்கள். இத்தாலியனில் மேஜை ஆண், நாற்காலி பெண். சேர்ந்தால் ஆண்பால் பன்மை: ‘இல் தாவொலோ எ லா ஸேதியா ஸோனோ ஸ்போர்க்கி’ (அழுக்காக உள்ளன). ரொமேனியனில் மேஜை பெண், நாற்காலி இரட்டைப் பால். இரட்டைப் பால் பன்மையில் பெண்பாலாகத்தானே நடக்கிறது? ஆகவே ‘மாஸா ஷி ஸ்காவுனுல் ஸுந்த் குராத்தெ’ (சுத்தமாக உள்ளன) என்று பெண்பால் பன்மை.

‘மஷீன தெ ஸ்பலாத்’, துணி துவைக்கிற மெஷின். மெஷின் பெண்பால்தானே, ஏன் ‘ஸ்பலாத்த’ இல்ல?

‘மஷீன ஸ்பலாத்த’ என்றால் கழுவிய கார். ‘மஷீன’ என்பது காருக்கும் பெயர். ‘தெ’ நடுவில் வந்துவிட்டால் அது எச்சமே இல்லை, பார்வைக்கு எச்சம் மாதிரி இருக்கும் தொழிற்பெயர். ‘ஆப்ப தெ பவூத்’ குடிக்கிற தண்ணீர், ‘க்ரெவு தெ ஸ்பூஸ்’ சொல்லக் கடினம். இது லத்தீனில் இருந்த ‘சுபைன்’ என்ற வடிவத்தின் பெயரில் அழைக்கப்படுகிறது, எதற்கும் மாறாது. இத்தாலியனில் இந்த இடத்தில் ‘தா’வோடு வினையின் மூல வடிவம் (இன்ஃபினிடிவ்) வரும், எச்சம் வராது.

வினையடைக்கும் மாறணுமா?

கூடாது. இத்தாலியனில் ‘மோல்த்தா ஆக்வா’ (நிறையத் தண்ணீர்) சரி, ஆனால் பெண் ஒருத்தி ‘மிகக் களைத்திருக்கிறேன்’ என்றால் ‘மோல்த்தோ ஸ்தாங்க்கா’. ரொமேனியனில் வினையடைக்கும் பெயரடையின் ஆண்பால் ஒருமைக்கும் பெரும்பாலும் ஒரே உருவம் என்பதால் கவனம் வேண்டும்: ‘யா யெ ஃப்ருமுவாஸ’ அவள் அழகி, ‘யா ஸ்க்ரியெ ஃப்ருமோஸ்’ அவள் அழகாக எழுதுகிறாள்.

ரொமேனியர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கு ‘நோவு-நஸ்கூத்ஸி’. ‘நோவு’ அங்கே ‘புதிதாக’, வினையடை, மாறக் கூடாது. மாறுவது ‘பிறந்த’ என்ற எச்சம் மட்டும். பலர் ‘நோய்-நஸ்கூத்ஸி’ என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது இன்னும் ஆகாது, வேண்டாம்.

ஒரே ஒரு பொண்ணைப் பத்தி எழுதும்போது ரொமேனியன்ல ‘ஃபேத்தெய் ஃப்ருமுவாஸெ’ன்னு பன்மையில இருக்கு. அச்சுப்பிழையா?

பிழையில்லை. அழகான பெண்ணுக்கு, பெண்ணின் என்று பொருள். பெண்பால் ஒருமை நான்காம், ஆறாம் வேற்றுமையில் வரும்போது பெயரடை தன் பன்மை உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. லத்தீனின் முதல் வகைப் பெண்பால் பெயர்களிலும் ஒருமையின் இந்த வேற்றுமைகளும் பன்மை எழுவாயும் ஒரே மாதிரிதான் இருந்தன. எச்சமும் அப்படியே: எழுதப்பட்ட ஒரே ஒரு கடிதத்துக்கு, கடிதத்தின் என்றாலும் ‘ஸ்க்ரிஸோரியி ஸ்க்ரீஸெ’. இத்தாலியனில் வேற்றுமைக்குப் பெயரடை மாறாது, ஆகவே இந்தத் தலைவலி இல்லை.

மரியாதைக்கு ‘லேய்’னு சொல்றோம், அது ‘அவள்’தானே. டாக்டர் ஆணா இருந்தா எச்சத்தை எப்படி வைக்கிறது?

எழுவாயாக வந்தால் எதிரில் நிற்பவரைப் பாருங்கள். ஆண் டாக்டரிடம் ‘லேய் எ அர்ரிவாத்தோ’ (நீங்கள் வந்துவிட்டீர்கள்). ஆனால் ‘உங்களை நேற்றுப் பார்த்தேன்’ என்று குட்டிச் சொல்லாக வந்தால் ‘லோ வீஸ்தா’, ஆணாக இருந்தாலும் பெண்பாலில்தான் சொல்வது வழக்கம். நாம் ஒரே ஒருவரை ‘மாமா வந்தார்கள்’ என்று பன்மையில் சொல்கிறோமே, மரியாதை இலக்கணத்தை இழுக்கும் விதங்களில் இதுவும் ஒன்று.

‘ஸி எ பர்தீத்தி’, ‘ஸி எ தொர்மீத்தோ’. ரெண்டுமே பொதுவா ‘ஒருவர்’னு சொல்றது. ஒண்ணுல ‘தி’, ஒண்ணுல ‘தோ’. ஏன்?

கிளம்புதலுக்கு இயல்பான துணை ‘எஸ்ஸெரே’. தூங்குதலுக்கு ‘அவேரே’. பொதுவாகச் சொல்லும் ‘ஸி’ வந்ததும் இரண்டுக்கும் ‘எ’ என்றே துணை வருகிறது, ஆனால் எச்சம் தன் பழைய வீட்டை மறப்பதில்லை. ‘எஸ்ஸெரே’ வீட்டுப் பிள்ளை பன்மையில் ஒத்துப்போகும், ‘அவேரே’ வீட்டுப் பிள்ளை ஓகாரத்தில் நிற்கும். பெயரடை வந்தாலும் பன்மைதான்: ‘ஸி எ ஸ்தாங்க்கி’, களைத்துப்போகிறோம்.

கடைசியா ஒண்ணு. ‘மரியா வா ஃபி ப்ளெக்காத்’, ‘மரியா வா ஃபி ப்ளெக்காத்த’. ரெண்டுலயும் ‘ஃபி’ இருக்கு, அதாவது ‘இருத்தல்’. நீங்க சொன்னபடி ரெண்டுமே மாறணுமே?

நல்ல கேள்வி, மேல்வீட்டில் நானும் கேட்டது. ரொமேனியனில் ‘ஃபி’ இரண்டு வேலை செய்கிறது. ‘வா ஃபி ப்ளெக்காத்’ என்பதில் அது துணைவினை: அதற்குள் கிளம்பியிருப்பாள். ‘ஆர் ஃபி ப்ளெக்காத்’ (கிளம்பியிருப்பாள், ஆனால் கிளம்பவில்லை), ‘ஸ ஃபி ப்ளெக்காத்’ எல்லாம் இதே குடும்பம். காலத்தின் பகுதி, ஆகவே உறைந்தது. ‘வா ஃபி ப்ளெக்காத்த’ என்பதில் ‘ஃபி’ முழு வினை: அப்போது ஊரில் இல்லாதவளாக இருப்பாள். ‘யெ ப்ளெக்காத்த’வின் எதிர்காலம், பெயரடை, மாறுகிறது.

செயப்பாட்டுவினையும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான்: ‘ஸ்க்ரிஸுவாரெயா வா ஃபி ஸ்க்ரீஸ’, கடிதம் எழுதப்படும். மேல்வீட்டு அம்மா எனக்கு இதை இப்படித்தான் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். ‘வோய் ஃபி ப்ளெக்காத்த’ என்றார், ஊரில் இருக்க மாட்டேன் என்று. பத்து மணிக்கு மேல் என்றால் ‘வோய் ஃபி ப்ளெக்காத்’, அதற்குள் கிளம்பியிருப்பேன், ஒன்பதுக்குள் வா, காப்பி போட்டு வைக்கிறேன் என்றார்.